மீன்கொத்தியின் கண்

நடு அறையில் 'டமார்' என்று ஒரு சத்தம்.

சமையலறையில் அரக்கு உருக்கிக்கொண்டிருந்தவளுக்கு முதலில் கேஸ் சிலிண்டர் ஞாபகம்தான் வந்தது. கை தானாக அடுப்பை அணைத்தது. சிலிண்டர் அது பாட்டுக்கு மூலையில் நின்றது. அதற்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது.

"அம்மா" என்று மகள் கூப்பிட்டாள். கத்தவில்லை. குளியலறையிலிருந்து துண்டு கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டிலின் மேல் போர்வை எரிந்துகொண்டிருந்தது. தரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு சீறியது. சிட்டு சுவரோரமாக நின்றாள். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, யாருடைய கையோ தன்னிடம் வந்து சேர்ந்துவிட்டதைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் கறுத்து, தோல் கிழிந்து தொங்கியது.

"ஃபோன் தப்பிச்சிருச்சான்னு பாரும்மா" என்றாள்.

வாசலில் கிடந்த ஈர மிதியடியைத் தூக்கிப் பெட்டியின் மேல் போட்டு, வாளித் தண்ணீரைப் போர்வையில் கொட்டி, மகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு வேன் டிரைவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தான். சத்தம் கேட்டுச் சவரத்தைப் பாதியில் விட்டு வந்தவன். கையைப் பார்த்ததும் சாவியை எடுத்து வந்தான். மழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்தது.

"பயப்படாதீங்கக்கா. என் வேன்ல ஏத்தின கேஸ் ஒண்ணுகூட வீணாப் போனதில்ல."

"நீ ஸ்கூல் பிள்ளைங்களைத்தானே தம்பி ஏத்துறே?"

"அதான் சொல்றேன். எல்லாம் உசிரோடதான் இறங்கியிருக்கு."

சிட்டு சிரித்தாள். சிரித்த பிறகுதான் அவளுக்கு வலி தெரிந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவள் போட்ட சத்தத்தில் டிரைவருக்குப் பேச்சு நின்றுபோனது.

*

தெருவில் சிட்டுவின் அம்மாவுக்கு 'அரக்கு அக்கா' என்று பெயர். வீட்டுக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் முதலில் அரக்கு வாடை வரும், அப்புறம்தான் அவள் வருவாள். பழைய பால்பவுடர் டப்பாவில் சிவப்பு அரக்கை உருக்கி, பழுப்புத் தாளில் பொதிந்த பொட்டலங்களின் முடிச்சு மேல் ஊற்றி, ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்துவாள். மழைக்காலம் வந்தால் அரக்கு சண்டித்தனம் பண்ணும். சீக்கிரம் இறுகாது, இறுகினால் வெடிக்கும். முத்திரையில் ஒரு விரிசல் இருந்தாலும் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

பொட்டலத்துக்குள் இருப்பது சார்ஜர், காதில் மாட்டுகிற கருவி, பவர் பேங்க் இப்படி ஏதாவது ஒன்று. எல்லாவற்றிலும் மீன்கொத்தி படம் போட்டிருக்கும். மீன்கொத்தி ஒரு பெரிய கம்பெனியின் மார்க். அந்தப் படத்தைத் தன் சரக்கில் ஒட்டி விற்கிறவன் எவனோ அவனைக் கண்டுபிடித்துக் கூண்டில் ஏற்றுவது அவள் புருஷனின் பிழைப்பு. கம்பெனி ஒரு வக்கீலை வைத்திருந்தது. வக்கீல் இவரை வைத்திருந்தார்.

கடை கடையாகப் போய், சாதாரண ஆள் மாதிரி பேரம் பேசி, எதையும் இரண்டிரண்டாக வாங்கி வருவார். ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று கம்பெனியின் சோதனைக்கூடத்துக்கு. ஒரே மாதிரி இரண்டு எதற்கு என்று கடைக்காரன் சந்தேகப்படக் கூடாதல்லவா? "ஒண்ணு பொண்ணுக்கு, ஒண்ணு மாப்பிள்ளைக்கு" என்பார். சிட்டுக்கு அப்போது கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. ஆனாலும் இல்லாத மாப்பிள்ளையைப் பற்றி வாய் கொள்ளாமல் பேசுவார். மாப்பிள்ளைக்குப் பிடிக்காத நிறம், மாப்பிள்ளையின் கோபம், மாப்பிள்ளை வீட்டில் கரண்ட் நிற்காத கதை எல்லாம் வரும். கடைவீதியில் அவருக்கு 'மாமனார்' என்று பெயர் விழுந்துவிட்டது. விவரம் தெரிந்த கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டதும், "மாமனார் வர்றாரு, மாப்பிள்ளைச் சரக்கை உள்ள தள்ளு" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள்.

"மாப்பிள்ளைக்கு இத்தனை வாங்கியாச்சு, கட்டிக்கப் போறவளுக்கு ஒரு கம்மல் வாங்கித் தரலியே அப்பா" என்பாள் சிட்டு.

"உன் மாப்பிள்ளை எல்லாமே போலிம்மா. அசல் வரட்டும், பாத்துக்கலாம்."

இப்படிச் சிரித்துக்கொண்டு இருந்த வீடுதான்.

வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது போலி. அதைத் தொடக் கூடாது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டியது அசல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கம்பெனியே ஒவ்வொரு புது மாடலிலும் ஒன்று கொடுத்தனுப்பும். அடுத்த மாடல் வந்ததும் பழைய பச்சை வீட்டுக்கு ஆகும். ஊரெல்லாம் போலியால் கை சுடுகிறது, நம் வீட்டில் மட்டும் அசலைத் தவிர வேறெதுவும் கரண்ட்டில் ஏறாது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வமே உண்டு.

எது எது என்று பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு ஹாலில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததுதான். அசலில் மீன்கொத்தியின் கண் ஒரு குழி. நகத்தால் தடவினால் தட்டுப்படும். போலியில் கண் வெறும் பொட்டு; மை. அவள் எப்போதும் முதலில் நகத்தை வைப்பாள். அப்புறம்தான் ஸ்டிக்கரை எடுப்பாள்.

அன்று பார்லரிலிருந்து வந்த சிட்டு, "ஃபோன்ல சார்ஜ் செத்துப்போச்சு, கரண்டும் இல்ல. எதையாவது குடும்மா" என்றாள். அலமாரியைத் திறந்து, தடவிப் பார்த்து, பச்சை ஒட்டிய பவர் பேங்க்கை எடுத்து மகளின் கையில் கொடுத்தது அவளேதான்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்புத் தடங்கள் சேறாக மிதிபட்டுக் கிடந்தன. ஒரு ஆயா திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டும், துடைத்த இடத்தில் நடக்கிறவர்களைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். புருஷன் குடை இல்லாமல் நனைந்துகொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"எது?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "கட்டைவிரல், அப்புறம் ரெண்டு..."

"அதில்லடி. எது வெடிச்சது? பச்சையா, சிவப்பா?"

அவள் அவரைப் பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கவில்லை. மகள் எந்த அறையில் இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை.

"பச்சை."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "நல்லா ஞாபகம் இருக்கா?" என்றார்.

"நான் எடுத்துக் குடுத்தேங்க."

"கரண்ட் இல்ல. இருட்டுல மாத்தி எடுத்திருப்பே."

"சாயங்காலம்ங்க. ஜன்னல் திறந்திருந்துச்சு."

"சரி. யார்கிட்டயும் பச்சைன்னு சொல்லாதே. நர்ஸ் கேட்டாலும் சரி, போலீஸ் கேட்டாலும் சரி. நான் வக்கீல் சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன்." எழுந்து இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "எங்க இருக்கா அவ? ரொம்ப வலிக்குதாமா?"

டாக்டர் இளம்பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "தோல் மட்டும் போயிருந்தா நான் பாத்துடுவேன்மா. உள்ளே நரம்பு வரைக்கும் போயிருக்கு. தொடையிலேருந்து தோல் எடுத்து வைக்கணும். ஒரு தடவையில முடியாது. அதுக்குன்னு இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், தள்ளிப் போடக் கூடாது. விட்டா விரல் மூணும் உள்பக்கமா மடங்கி ஒட்டிக்கும். பொண்ணு என்ன வேலை பாக்குது?"

"பியூட்டி பார்லர்ல. புருவம் எடுப்பா. நூல் வெச்சு."

டாக்டர் தன் புருவத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, கத்தரி மாதிரி திறந்து மூடுகிற வேலை அது. சிட்டுவிடம் புருவம் எடுத்துக்கொள்ளக் கல்யாணப் பெண்கள் வரிசையில் காத்திருப்பார்கள். "வலிக்குதான்னு நான் கேக்கறதுக்குள்ள முடிச்சுடுவேன்மா, அதான் என் ஸ்பெஷல்" என்பாள். பார்லர் முதலாளியம்மாள் தனியாகக் கடை வைத்துக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். விரல் மடங்கினால் அந்த வாக்கும் மடங்கிவிடும் என்று சிட்டுக்குத் தெரியாதா? கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, இடது கையில் பஞ்சு நூலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் வக்கீல் வந்தார். கையில் ஆப்பிள் பை. நல்ல மனுஷர்தான், ஆயாவிடம்கூட "துடைச்ச இடமா அம்மா, நடக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நடந்தார். சிட்டுவின் தலையில் கை வைத்தார். கண் கலங்கியதும் நிஜம்தான். பிறகு புருஷனையும் பெண்சாதியையும் வராந்தாக் கோடிக்கு அழைத்துப் போனார்.

"மாமனாரே, வெடிச்ச பீஸ் எங்க இருக்கு?" அவரும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்.

"வீட்டுலதான் சார். மிதியடிக்கு அடியில."

"பத்திரம். வழக்கம்போல சிவப்பு ஒட்டி, சீல் வெச்சு எங்கிட்ட குடுத்துடுங்க."

"அது சிவப்பு இல்ல சார்" என்றாள் அவள். புருஷன் அவள் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தார்.

வக்கீல் கோபப்படவில்லை. ஒரு ஆப்பிளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "சாப்பிட்டீங்களா நீங்க? முகமே சரியில்ல. எங்க பொருள் வெடிக்காதும்மா."

"வெடிச்சுதே சார்."

"வெடிச்சா அது எங்களோடது இல்ல. அவ்வளவுதான் விஷயம்." ஏதோ கணக்கு வாத்தியார் விடையைச் சொல்கிற மாதிரி சொன்னார். "வயசாகுது. அடுப்பு வேலை, அரக்கு வேலைன்னு கிடக்கறீங்க. ஒரு ஸ்டிக்கர் மாறிப்போறது சகஜம். உங்களை யாரும் குத்தம் சொல்லப் போறதில்ல."

"நகம் வெச்சுப் பாக்காம நான் ஒட்டறதில்ல சார்."

"சரி, உங்க பேச்சுக்கே வர்றேன். போலியை எதிர்த்து வேலை செய்யறவங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி ஆச்சுன்னா பாத்துக்கறதுக்கு கம்பெனியில ஒரு நிதி இருக்கு. பெரிய ஆஸ்பத்திரி, தோல் வைக்கறது, அப்புறம் விரலுக்குப் பயிற்சி, கடைசி வரைக்கும் அவங்க பொறுப்பு. நாளைக்கே வண்டி வரும். ஆனா வெடிச்சது போலியா இருக்கணும்."

"அசலா இருந்தா?"

"அசலா இருந்தா நீங்க கம்பெனி மேல கேஸ் போடணும். தாராளமாப் போடுங்க, அது உங்க உரிமை. ஆனா அது அசலா போலியான்னு சொல்ல வேண்டியது கம்பெனியோட லேப். இதுவரைக்கும் வெடிச்சதுல ஒண்ணுகூட அசல்னு அங்கேருந்து வந்ததில்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட" என்றார் வக்கீல், பெருமையாக. "அந்தப் பேரை நாங்க அப்படிக் காப்பாத்தி வெச்சிருக்கோம்."

அவள் கையிலிருந்த ஆப்பிளில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகம் தானாகப் போய் அதன் ஓரத்தைச் சுரண்டியது.

*

வீட்டுக்கு வந்து நடு அறை ஜன்னலைத் திறந்தாள். கரி வாடை போகவில்லை. சுவரில் கட்டில் உயரத்துக்குப் புகை ஏறியிருந்தது. புருஷன் மிதியடியைத் தூக்கி, பெட்டியை ஒரு முறத்தில் அள்ளி எடுத்து வந்து சமையலறை மேடையில் வைத்தார். பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் சுருள். பால்பவுடர் டப்பா. பித்தளை முத்திரை.

"அரக்கை உருக்கு" என்றார்.

ஒரு பக்கம் முழுக்க உருகி வழிந்திருந்தது. பச்சை ஸ்டிக்கர் இருந்த இடம் கரி. மறுபக்கம், மீன்கொத்தியின் மூக்கும் தலையும் மட்டும் தப்பியிருந்தன. அவள் நகத்தை வைத்தாள். தட்டுப்பட்டது. குழி.

"நீங்களே பாருங்க."

அவர் தொடவில்லை. "சூட்டுல உருகிக் குழி விழுந்திருக்கும்" என்றார்.

அவளுக்குக் கை நின்றுபோயிற்று. இதே வார்த்தை. இதே மேடை. போன மழைக்கு முன்னால், கடைவீதியில் ஒரு கடைக்காரர் விற்ற பவர் பேங்க் யாரோ ஒருவரின் சட்டைப் பையில் வெடித்து, கடைக்கு சீல் வைத்து, கடைக்காரரைப் பிடித்துப் போனார்கள். இவர் அந்தக் கருகிய துண்டைக் கொண்டுவந்து இதே இடத்தில் வைத்தார். "கண்ணு குழியா இருக்கே?" என்று அவள் அன்றைக்கும் கேட்டாள். "சூட்டுல உருகிக் குழி விழுந்திருக்கும்" என்றார். இவருக்குத் தெரியாததா என்று அரக்கை ஊற்றினாள்.

"அந்தக் கடைக்காரரு இன்னும் உள்ளதானே இருக்காரு?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"அவர் பீஸ்லயும் குழி இருந்துச்சு."

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? லேப் சொல்லிச்சு, போலின்னு. நான் கோர்ட்ல ஏறிச் சொன்னேன்."

"லேப் எதைத்தாங்க அசல்னு சொல்லியிருக்கு? வக்கீலே சொல்றாரே, வெடிச்சதுல ஒண்ணுகூட இல்லேன்னு. இத்தனை வருஷத்துல வெடிக்கிறதெல்லாம் போலியாவே எப்படிங்க இருக்கும்?"

"ஏய், வாயை மூடு." குரல் உயர்ந்தது, உடனே உடைந்தது. "என்னை என்ன பண்ணச் சொல்றே? நான் கூண்டுல ஏறிச் சொன்னதெல்லாம் என்ன ஆகும்? எத்தனை பேர் குடும்பம்? அதை விடு. பொண்ணு கைக்கு நீ எங்க போவே? சொல்லு. விக்கறதுக்கு என்ன வெச்சிருக்கே? உண்மையைக் கொண்டுபோய் டாக்டரம்மா மேஜை மேல வெச்சா விரல் நீட்டிக்குமா?"

அவர் சொல்வதில் எதைப் பொய் என்று தள்ளுவது?

"நான் மாத்திக் குடுத்துட்டேன்னு எழுதப் போறீங்களா?"

"யாரோ ஒருத்தர் மாத்தியிருக்கணுமில்ல?"

"என் கையாலதான் என் பொண்ணு கையைப் பொசுக்கினேன்னு எழுதணும். அதுக்கு மேல நானே சீலும் வெக்கணும்."

அவர் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார். முகம் கழுவுகிற மாதிரி குனிந்தார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, முகத்தை எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில், துடைத்துக்கொள்ளாமலே வெளியே போய்விட்டார்.

அரக்கு டப்பாவுக்குள் கட்டியாகக் கிடந்தது. அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கருகிய பெட்டியைக் கைக்குட்டையில் முடிந்து, கஞ்சித் தூக்கு வைக்கிற பைக்குள் போட்டாள்.

*

ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்கக் கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும். சீல் வைத்த கடையின் ஷட்டர் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. பூட்டின் மேல் சுற்றிய துணியில் அரக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. அதன் முன்னால் நடைபாதையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கடைக்காரரின் மனைவி குடை விற்றுக்கொண்டிருந்தாள். சொந்தக் கடைக்கு வெளியே உட்கார்ந்து.

அந்தப் பெண் ஒருதரம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். "அது கம்பெனி வண்டியிலேயே வந்து இறங்கின சரக்கு அக்கா. நீங்களாவது வீட்டுக்காரர்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று அழுதாள். "நான் சீல் வெக்கிறவ மட்டும்தாம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவள் இவள். அதனால் இப்போது தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடப் பார்த்தாள்.

"அக்கா, நனையறீங்க" என்றது குரல்.

நின்றாள்.

"பாப்பாவுக்குக் கை எப்படியிருக்கு? கடைவீதி பூரா பேச்சா இருக்கு. என் கல்யாணத்துக்கு அவதான் புருவம் எடுத்தா." ஒரு குடையை விரித்து நீட்டினாள். "பிடிங்க. விலை சொல்லல, பிடிங்க."

வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகு நகர முடியவில்லை.

"எது வெடிச்சது அக்கா?" அந்தப் பெண் குரலைத் தாழ்த்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள், குடையைத் துடைத்துக்கொண்டே.

பஸ் ஒன்று சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. யாரோ டிரைவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். அவள் அந்தச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள்.

"அசல்" என்றாள்.

குடை துடைத்த கை நின்றது.

"பையில இருக்கு. கண்ணு தப்பிச்சிருக்கு. குழி இருக்கு. உன் வீட்டுக்காரரோடதுலயும் இருந்துச்சும்மா. நான்தான் தடவிப் பாத்தேன்."

அந்தப் பெண் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். முகத்தில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவளோ எழுந்து, தார்ப்பாயிலிருந்து ஒழுகிய தண்ணீரை முழங்கையால் தட்டிவிட்டு, இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுவீங்களா அக்கா? கோர்ட்ல வந்து?"

"சொல்லத்தான் போறேன். முதல்ல போய் வக்கீல் முகத்துல சொல்றேன். அப்புறம் டாக்டரம்மாகிட்ட. அப்புறம் யார் யார் கேக்கறாங்களோ எல்லார்கிட்டயும்."

"பாப்பா கை?"

"அசல்தான் பொசுக்குச்சுன்னா அசல்தானே குடுக்கணும்? கேட்டு வாங்குவேன். கத்தி வாங்குவேன்." சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

"நான் இங்கயேதான் இருப்பேன்க்கா. வரும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றாள் அந்தப் பெண். பஸ் ஏறித் திரும்பிப் பார்த்தபோதும் அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் இருந்தாள்.

*

வராந்தா முனையிலேயே வக்கீல் எதிரே வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர், கையில் தாள் செருகிய எழுதும் அட்டை. வக்கீல் மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

"கவலைப்படாதீங்கம்மா. நாளைக் காலையில வண்டி வந்துடும். டாக்டர்கிட்டயும் பேசிட்டேன்."

"சார், நான் ஒண்ணு சொல்லணும். பீஸ் கொண்டு வந்திருக்கேன்."

"பீஸா? இருக்கட்டும், அவசரமில்ல. மாமனார்கிட்ட குடுத்தனுப்புங்க." போகிற போக்கில் திரும்பி, "தங்கமான பொண்ணும்மா" என்றார். ஆயா துடைத்த இடத்தைத் தாண்டி, ஓரமாக நடந்து போனார்.

அவள் பைக்குள் கையை விட்டு முடிச்சைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். இவள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. சிட்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை சீவியிருந்தாள், ஒற்றைக் கையால், வகிடு கோணியிருந்தது. இடது கை விரல்களில் மை.

"என்னம்மா இது மை?"

"நீ கோவிச்சுக்க மாட்டியே?"

"என்னன்னு சொல்லுடி."

"அவங்க முதல்ல எழுதிட்டு வந்த வாக்குமூலத்துல, நீ அவசரத்துல சிவப்பை எடுத்துக் குடுத்துட்டேன்னு இருந்துச்சு. நான் மாட்டேன்னுட்டேன். அடிச்சுட்டு வேற எழுதச் சொன்னேன்." சிட்டு மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ வேணாம் வேணாம்னு சொன்னே, நான்தான் உனக்குத் தெரியாம அலமாரியைத் திறந்து சிவப்பை எடுத்தேன்னு. இப்ப உன் மேல யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது பாரு."

"உனக்குத் தெரியுமேடி, நான் பச்சையைத்தானே..."

"தெரியும்மா."

ஜன்னலுக்கு வெளியே மழை பலத்தது. புருஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள், கைக்குட்டை முடிச்சுக்குள், அவள் நகம் அந்தக் குழியைத் தேடிப் போய்த் தொட்டது. இருந்தது. அங்கேயேதான் இருந்தது.

சிட்டு அம்மாவைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். மைபட்ட விரல்களை விரித்துக் காட்டினாள்.

"இடது கையா, கையெழுத்து கோணல்மாணலா வந்துச்சும்மா, எனக்கே என்னோடது மாதிரி தெரியல, ஆனா வக்கீல் சார் ஒரு தடவை பாத்துட்டு, அசல்தான்னு ஒத்துக்கிட்டாரு."